கதிர்வேல் என்றே வையுங்கள்

தம்பி, மதுரையிலிருந்து வேலைக்காக வந்திருக்கிறீர்கள், பிரசவம் கொழும்பில்தான், பையன் பிறந்தால் கதிர்வேல் என்று வைக்கச் சொல்லி ஊரில் அப்பா நிற்கிறார். உங்கள் மனைவிக்கோ அது ஊரெல்லாம் இருக்கிற பெயராகப் படுகிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சரிவருமா என்றும் யோசிக்கிறார். இதுதானே கேள்வி?

தாராளமாக வையுங்கள். முருகன் பெயர் இந்த ஊருக்குப் புதிதில்லை. கதிர்காமத்துக்குச் சிங்களவர்களும் நேர்த்தி வைத்துப் போகிறார்கள். ஆடிவேல் முருகன் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிப் பக்கம் வரும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள், உங்கள் மனைவிக்கும் தெம்பு வந்துவிடும். ஊரெல்லாம் இருக்கிற பெயர் என்பதும் குறையில்லை. வெள்ளவத்தையில் என் பிள்ளைகளோடு படித்த பலருக்கு ஓசைக்காகவே கட்டிய புதுப் பெயர்கள். பாவம், போகிற இடமெல்லாம் எழுத்துக் கூட்டிச் சொல்கிறார்கள்.

கவனம் வேண்டியது எழுத்தில்தான். கொழும்பில் பிறப்புப் பதிவு சிங்களத்தில் போய்விட வாய்ப்பு அதிகம். தமிழில் வேண்டும் என்றால் பதிவாளரிடம் முதலிலேயே கேளுங்கள். நமக்கு ஒரே 'த'. சிங்களத்தில் வல்லின ஒலிக்கு ஒரு எழுத்து, மெல்ல ஒலிப்பதற்கு வேறொன்று. நாம் சொல்வதைக் காதால் கேட்டு எழுதுவார்கள். அதை அப்புறம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது 'dh' வரவேண்டிய இடத்தில் வெறும் 'd' வந்து நிற்கும். இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நீங்கள் 'dh' போட்டிருப்பீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர்! அதனால் மூன்று மொழியிலும் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். சிங்களம் தெரிந்த அலுவலக நண்பர் யாரிடமாவது காட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. யாழினி, எழிலன் மாதிரிப் பெயர் என்றால் இன்னும் தலைவலி, சிங்களத்தில் 'ழ' கிடையாது.

படிவத்தில் தகப்பனின் இனம் என்றொரு கட்டம் இருக்கும். நம் ஊரில் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை, பதறாதீர்கள்.

இங்கே பிறந்ததால் மட்டும் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வராது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் டெல்லி அனுமதி வரை இழுக்கும். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு 2022இல் துபாய் பக்கம் கெடுபிடி வந்தது ஞாபகம் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் அவசரப்பட்டுப் பெயர் சொல்ல வேண்டாம். பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. இங்குள்ள நம்மவர்கள் முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது பிறப்புத் தீட்டு, கழித்துப் பெயர் வைத்துவிட்டுத்தான் போவார்கள். நட்சத்திர எழுத்துக்கு 'க' வராவிட்டால் அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் சொல்லிவிட்டு, பதிவில் கதிர்வேல் என்றே போடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தோம்.