எதிர்காலம் எப்படியெல்லாம் அமையலாம் என்று ஆராயும் எதிர்காலவியலாளர்கள் நாடு கடந்து சேர்ந்து வேலை செய்வது எப்படி? மாநாட்டில் கூடிப் பேசிக் கலைவதுதானா?

மாநாடும் உண்டு. ஆனால் வேலை நடப்பது கேள்வித்தாளில்.

எனக்குத் தெரிந்த உதாரணம் மில்லெனியம் புராஜெக்ட் என்ற உலகளாவிய எதிர்கால ஆய்வு அமைப்பு. ஜெரோம் க்ளென், தியோடர் கார்டன் முதலிய எதிர்காலவியலாளர்கள் 1996-ல் தொடங்கியது. நாடு நாடாக 'நோட்' என்ற குழுக்கள் இருக்கின்றன. தலைமையகம் சொன்னதைச் செய்யும் கிளை என்று நினைக்க வேண்டாம். அந்தந்த ஊர்ப் பல்கலைக்கழகம், அரசு, தொழில்துறை, தொண்டு நிறுவனம் என்று பல இடத்து ஆட்கள் சேர்ந்த குழு. யாரைக் கேட்கலாம் என்று பெயர் தருவது, கேள்வியை உள்ளூர் மொழியில் மாற்றுவது, பதில் வராதவர்களை நச்சரிப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

கேட்கும் முறைக்கு டெல்ஃபி என்று பெயர். 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பிறந்தது. எந்தப் பதில் யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பெரிய பேராசிரியர் வாயைத் திறந்தால் மீதிப் பேர் தலையாட்டுவார்களே, அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. பழைய முறையில் பதில்களைத் தொகுத்து எல்லோருக்கும் காட்டி, சுற்றுச் சுற்றாக மறுபடி கேட்க மாதக்கணக்கில் ஆகும். கார்டன் கொண்டுவந்த 'ரியல் டைம் டெல்ஃபி'யில் சுற்றே கிடையாது. இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து பதிலை மாற்றலாம்.

இந்த வகைக் கேள்வித்தாள் ஒருமுறை என்னிடமும் வந்தது. ஒரு தொழில்நுட்பம் எப்போது பரவலாகும் என்ற கேள்விக்கு 2035 என்று போட்டேன். குழுவின் இடைநிலை, அதாவது எல்லோர் பதிலையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 2045. 'விலகி நிற்கிறீர்கள், காரணம் எழுதுங்கள்' என்றது திரை. நாலு வரி எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் போனால், 'எங்கள் ஊரில் நாளுக்கு ஆறு மணி நேரம்தான் மின்சாரம், இதை எதில் ஓட்டுவது?' என்று யாரோ எழுதியிருந்தார். எந்த நாடோ! சரி என்று 2042 ஆக்கினேன். என்னைக் கேட்டால், கடைசியில் வரும் ஆண்டைவிட இந்தக் காரணங்கள்தான் சரக்கு.

அவற்றிலிருந்துதான் எதிர்காலக் காட்சிகளை, அதாவது 'இப்படியும் நடக்கலாம்' என்ற கதைகளை, எழுதுகிறார்கள். 2050-ல் வேலையும் தொழில்நுட்பமும் எப்படி இருக்கும் என்ற ஆய்வில் அப்படி மூன்று காட்சிகள் எழுதி, பிறகு பல நாடுகளில் பட்டறை வைத்து 'இதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார்கள்.

குறையும் உண்டு. ஆங்கிலமும் நல்ல இணையமும் உள்ளவர்கள் குரலே அதிகம் கேட்கிறது.

இவர்கள் பேசுவதை நீங்களே பார்க்க ஆசையென்றால் மார்ச் 1, உலக எதிர்கால நாள். நியூசிலாந்தின் நண்பகலில் தொடங்கி, ஒவ்வொரு நேர மண்டலத்திலும் பகல் மணி பன்னிரண்டு அடிக்க அடிக்க இணைய உரையாடல் மேற்கே நகரும். 24 மணி நேரம். யாரும் சேரலாம். தொடக்கத்தைப் பிடிக்க நமக்கு அதிகாலை நாலரைக்கு எழ வேண்டும். நான் மதியம்தான் போவேன்.