மரக்கப்பலுக்கு எமன் மழைநீர்தான்

கேள்வி: திருகோணமலையின் பெயர் கொண்ட பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தில் இன்னும் மிதக்கிறதாமே? 200 ஆண்டுகளாக எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில்: ஹார்ட்டில்பூலில் நிற்கும் 'ஹெச்.எம்.எஸ். டிரிங்கோமலீ'யைக் கேட்கிறீர்கள். கட்டியது பம்பாயில், ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. இதன் வரைபடங்களுடன் புறப்பட்ட பிரிட்டனின் 'ஜாவா' கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கடலோரம் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' வீழ்த்திவிட்டது. மறுபிரதி வந்த பிறகே வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. பார்சி வழக்கப்படி ஏராவில் (கப்பலின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு மரம்) வெள்ளி ஆணி அடித்தார்கள்.

பிரிட்டனில் அப்போது ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் மலபார் தேக்கு. கப்பலின் ஆயுளுக்கு முதல் காரணம் அதுதான். ஓக்கில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணியை அரிக்கும். துரு ஊறி ஆணியைச் சுற்றியுள்ள மரமும் இற்றுப்போகும். தேக்கின் எண்ணெய்ப்பசை இரும்பை அப்படி அரிப்பதில்லை, பூச்சியையும் அண்டவிடாது. 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்ட கப்பலை வீட்லி காப் என்பவர் வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கினார். இல்லாவிட்டால் தேக்கும் விறகாகியிருக்கும்.

கேள்வி: கடலில் ஓடியபோது கெடாத கப்பல், காட்சிக்கு நிறுத்தியதும் உளுத்துப்போவது ஏன்?

பதில்: உப்புநீர் பூஞ்சையை அடக்கும், மழைநீர் வளர்க்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியதும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். கடலில் மேல்தளத்தைத் தினமும் உப்புநீரால் கழுவினார்கள். பலகை உப்பிப் பொருத்துகள் இறுகின. அந்த வழக்கம் நின்றதும் வெயிலில் பலகை சுருங்கி, மழை இடுக்கில் இறங்கி, உத்தரங்களின் முனையில் தங்குகிறது. மேலே வண்ணம் பளபளக்கும், உள்ளே மாவாகியிருக்கும். சுத்தியலால் தட்டினால் 'டங்' என்பதற்குப் பதில் 'தொப்' என்று கேட்கும். பாய்மரம் தளத்தைத் துளைக்கும் இடத்தையும், தளம் பக்கச்சுவரைத் தொடும் ஓரத்தையும் முதலில் பாருங்கள்.

மருந்து கலப்பத்துதான், அதாவது பலகை இடுக்குகளை நார் திணித்து அடைப்பது. பழைய நாரை முழுக்கச் சுரண்டி, இடுக்கைக் காயவிட்டு, தார் தோய்த்த சணல்நாரை முறுக்கி உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இறுக்க வேண்டும். பலகை தடிமனுக்கேற்ப இரண்டு மூன்று இழை போகும். மேலே சிறிது பள்ளம் விட்டு, அதில் சூடான கீல் (கெட்டித் தார்) வார்க்க வேண்டும். இடுக்கு ஈரமாயிருந்தால் கீல் கொப்புளித்து ஒட்டாமல் பெயரும். மிஞ்சி அடித்தால் பக்கத்து இடுக்கு பிளந்துகொள்ளும். எபாக்ஸி என்னும் செயற்கைப் பிசினைப் பூசி மூடுவதை நான் ஒப்பமாட்டேன். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரம் அதற்குள்ளேயே அழுகும்.

கேள்வி: பேசாமல் கரையேற்றிவிட்டால் என்ன?

பதில்: மிதக்கும் கப்பலில் குறுகலான இரு முனைகளுக்கும் நீர் போதிய தாங்கல் தராது. அவை தொங்க, நடுமுதுகு மேலே வளையும். 'கான்ஸ்டிடியூஷ'னின் ஏரா ஓரடிக்கும் மேல் வளைந்திருந்தது. 1992–95 பழுதுபார்ப்பில்தான் பழைய வடிவமைப்பின் குறுக்குச் சாய்வுச் சட்டங்களைத் திரும்பப் பொருத்தி நிமிர்த்தினார்கள்.

கரையேற்றினால் வேறு தொல்லை. சுற்றிலும் அணைத்த நீர் போய்விட, எடை முழுவதும் சில தாங்கிகளில் விழும். உடல் தனக்குள்ளேயே அமுங்கும். 1922 முதல் போர்ட்ஸ்மத் உலர்துறையில் (நீரை வடித்துவிட்ட கப்பல்துறை) நிற்கும் நெல்சனின் 'விக்டரி' போர்க்கப்பலுக்கு நேர்ந்தது இதுதான். பழைய எஃகுத் தொட்டில்களுக்குப் பதில் இப்போது 134 முட்டுகள். ஒவ்வொன்றும் தான் சுமக்கும் எடையை அளந்து காட்டும். சுமை கூடிய முட்டினைத் தளர்த்திப் பக்கத்து முட்டுக்குப் பகிர்ந்துகொடுக்கலாம்.