ஏ.வி. பாலத்துக்குப் பாலிமர் தளம் பொருந்துமா?

மதுரையில் வைகை ஆற்றின் மேலுள்ள ஏ.வி. பாலத்தில், கண்ணாடி இழை வலுவூட்டிய பாலிமரால் (ஒருவகை பிளாஸ்டிக்) ஆன, வண்டிகள் ஓடும் தளம் போட்டால் பாரம் குறையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். ஆனாலும் அங்கே வேண்டாம் என்பேன். 1889இல் திறக்கப்பட்ட அது வளைவுப் பாலம். மேலிருக்கும் பாரம்தான் வளைவை இறுக்கிப் பிடித்து நிறுத்துகிறது.

இந்தத் தளம் கைகொடுப்பது இரும்பு உத்தரங்கள் தாங்கும் பழைய பாலங்களில்தான். எடை, கான்கிரீட் தளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தளத்தில் மிச்சமாகும் பாரத்தை வண்டிகளுக்குக் கொடுக்கலாம். பட்டறையில் வார்த்த பலகைகளைக் கொண்டுவந்து சில நாட்களில் பொருத்திவிடலாம்.

முக்கியமான லாபம் துரு இல்லாமைதான். பழைய கான்கிரீட் பாலம் ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். காரை உதிர்ந்த இடத்தில் கம்பி செம்பழுப்பாகத் தெரியும். துருப்பிடித்த கம்பி பருத்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. பாலிமர் தளத்தில் அந்தக் கம்பியே கிடையாது.

குறையும் உண்டு. இதன் விறைப்பு, அதாவது பாரத்தில் வளையாமல் நிற்கும் தன்மை, இரும்பைவிட மிகக் குறைவு. முறிவதற்கு வெகுமுன்பே தொய்வு வரம்பைத் தாண்டும் என்பதால், பொறியாளர் வலிமையைவிடத் தொய்வைப் பார்த்தே தளத்தின் தடிமனை முடிவு செய்கிறார். மதுரை வெயிலுக்கு மேற்பூச்சு கட்டாயம்; புறஊதாக் கதிர், இழைகளைப் பிணைக்கும் பாலிமரான ரெசினை அரித்துவிடும். விலையும் கான்கிரீட்டைவிட அதிகம். ஆனாலும் இது புதிய முயற்சி அல்ல: அமெரிக்காவின் கான்சாஸில் 1996இலேயே சிறு ஓடை ஒன்றின்மேல் இவ்வகைப் பாலம் அமைத்துவிட்டார்கள்.