‘காலர்’ வந்தால் பித்தமா, கோபமா?

கேள்வி: கல்லூரி மேடைக்காக ‘ஹேம்லெட்’ காட்சிகளைத் தமிழாக்குகிறோம். அரசனுக்குக் ‘காலர்’ (choler) என்று ஓரிடத்தில் வருகிறது. ஓர் அகராதி கோபம் என்கிறது, இன்னொன்று பித்தநீர் என்கிறது. காலரா நோய்க்கும் இதற்கும் தொடர்புண்டா? எதைப் போடுவது?

பதில்: இரண்டு அகராதியும் சரிதான். சட்டைக் காலரின் அதே உச்சரிப்பு, எழுத்துதான் வேறு. பித்தநீருக்கான ‘கோலே’ என்ற கிரேக்கச் சொல்தான் வேர். இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காலராவும் அதே வேர்தான். பித்தக்கல்லிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் கொலஸ்ட்ராலுக்கும் அந்தப் பெயர்.

பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸின் மரபும், பின்னால் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற வைத்தியரும் சொன்ன கணக்கில் உடம்பில் நான்கு நீர்கள்: இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும் உள்ளது. அது மிஞ்சியவன் முன்கோபி. ஆகவே கோபத்துக்கும் பேதி மருந்து, இரத்தம் வடித்தல், உணவுப் பத்தியம் என்று வைத்தியம் பார்த்தார்கள். ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் பெட்ரூக்கியோ, கருகிய ஆட்டிறைச்சி கோபத்தைக் கிளப்பும் என்று சொல்லித் தட்டைத் தள்ளுவது அந்தப் பத்தியத்தை வைத்துத்தான்.

உங்கள் இடம் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. ஹேம்லெட்டின் பழைய நண்பன் கில்டன்ஸ்டர்ன் ‘காலர்’ என்று சொல்வது கோபத்தை. ஹேம்லெட் வேண்டுமென்றே நோயாக எடுத்துக்கொண்டு, ‘வைத்தியரிடம் போய்ச் சொல், நான் பேதிக்குக் கொடுத்தால் இன்னும் முற்றும்’ என்று நக்கலடிக்கிறான். வெறும் ‘கோபம்’ என்று போட்டால் வைத்தியர் எதற்கு என்று புரியாது. ‘பித்தம்’ என்றால் அதைவிட மோசம். நம் பார்வையாளருக்குத் தலைசுற்றலும் வாய்க்கசப்பும்தான் நினைவுக்கு வரும், இல்லையென்றால் பைத்தியம். ஹேம்லெட்டே பைத்தியமாக நடிக்கிற நாடகத்தில் அரசனுக்கும் பித்து என்றால் கதையே குழம்பிவிடும்.

இரண்டுக்கும் பொருந்துவது ‘சூடு’. இப்படி வைத்துப் பாருங்கள்:

“அரசருக்கு உடம்பே சரியில்லை, பிரபு.”
“குடித்ததாலா?”
“இல்லை, சூடேறிப்போய்.”
“அப்படியானால் வைத்தியரைப் பார்ப்பதுதானே? நான் பேதிக்குக் கொடுத்தால் சூடு இன்னும் ஏறும்.”

மற்ற இடங்களில் முன்பின் நாலைந்து வரிகளைப் பாருங்கள். மருந்து, உணவு, வைத்தியர் எதுவும் இல்லையென்றால் ‘ஆத்திரம்’ என்று போட்டுவிட்டு நகரலாம். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் புரூட்டஸ் காசியஸைக் கண்டிக்கும் இடம் அப்படிப்பட்டது. அடிக்குறிப்பு எழுதினால் சித்த மருத்துவத்தின் வாதம், பித்தம், கபத்தோடு இணைக்க வேண்டாம், அங்கே கணக்கு மூன்று. கிரேக்கத்திலிருந்து வந்த யுனானி மருத்துவத்தில் நான்கும் உண்டு, மஞ்சள் பித்தத்துக்கு அங்கே ‘சஃப்ரா’ என்று பெயர்.

புரூட்டஸின் அதே பேச்சில் ‘ஸ்ப்ளீன்’ என்றும் வரும். அகராதியைப் பார்த்து ‘மண்ணீரல்’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அதுவும் ஆத்திரம்தான்.