ஐவரியா, இளஞ்சந்தனமா? பெயின்டரிடம் கேளுங்கள்

சேலத்தில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். கலர் குழப்பத்தோடு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணா, அழகாபுரத்தில் வீடு, பழைய சிவப்பு ஆக்சைடு தரை, சுவர் இப்போது பச்சை. ஐவரி, இளஞ்சந்தனம் இரண்டும் ஷேட் கார்டில் ஒரே மாதிரி இருக்கிறது. ஹாலுக்கு எது?

கார்டில்தான் ஒரே மாதிரி. இரண்டையும் சுத்தமான வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள், ஒன்றில் மஞ்சள் எட்டிப் பார்க்கும், இன்னொன்றில் லேசாக ரோஸ் தெரியும், நாலு சுவரிலும் ஏறியதும் அந்தச் சாயல்தான் பெரிதாகக் காட்டும். வெயில் உங்கள் தரையில் பட்டுச் சுவருக்கு ஏறும்போது ரோஸ் சாயல் இன்னும் சிவந்துபோகும், அதனால் மஞ்சள் சாயல் உள்ளதை எடுங்கள். அதையும் என் பேச்சை நம்பி அடிக்க வேண்டாம். சின்ன டப்பா வாங்கி, 2 அடி அட்டையில் 2 கோட் அடித்துக் காயவிட்டு, காலை, மதியம் 3 மணி, ராத்திரி என்று சுவர் சுவராக நிறுத்திப் பாருங்கள். பழைய பச்சைச் சுவர்மேல் நேரடியாக அடித்துப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள பச்சை கண்ணை ஏமாற்றும்.

கடையில் பார்த்த கலர் ராத்திரி வீட்டில் இல்லை. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் லைட்தாங்க. 6500 கெல்வின் (லைட்டின் நிறத்தைச் சொல்லும் அளவு) ட்யூப்லைட் நீலம் கலந்த வெள்ளை, அதில் சந்தனம் சாம்பல் பூத்துத் தெரியும். 3000 கெல்வினில் அதே சுவர் மஞ்சளாகும். பல்பு அட்டையிலேயே போட்டிருப்பார்கள். முதலில் லைட்டை முடிவு செய்யுங்கள். ஊருக்கெல்லாம் சொல்லும் நானே என் வீட்டில் இதைக் கோட்டைவிட்டு, "பழைய நியூஸ்பேப்பர் கலர்" என்று மனைவியிடம் பேச்சு வாங்கினேன்.

ஏற்காட்டில் சின்ன வீடு, ஜன்னலுக்கு வெளியே முழுக்க சில்வர் ஓக், காப்பிச் செடி. அங்கேயும் மஞ்சள் சாயல்தானா?

அங்கே நேர்மாறு. இலைப் பச்சை உள்ளே அடிக்கும், மஞ்சள் சாயல் அதோடு சேர்ந்து நோயாளி முகம் மாதிரி ஆகிவிடும். ரோஸ் சாயலே நல்லது. மூடுபனி நாளுக்கு வெளிர் ஷேடாக, எல்ஆர்வி, அதாவது சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தின் அளவு, 70க்கு மேல் இருக்கட்டும். ஆனால் மலையில் கலரைவிட ஈரம்தான் தலைவலி. சுவரும், அதில் பூசும் பட்டியும் (புட்டி) நன்றாகக் காயாமல் பிரைமர் போட்டால் எந்தக் கலரும் உப்பிக்கொண்டு வரும்.

இரண்டையும் பாதிப்பாதி கலந்து அடிக்கலாமா?

வேண்டாம். நாளைக்கு டச்-அப் செய்ய அதே கலர் கிடைக்காது. ஒன்றை எடுத்து, ஷேட் நம்பரை மீட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் எழுதி வையுங்கள்.