முறைப்பாட்டில் 'பேய்க்காட்டினான்' என்று எழுதலாமா?

தம்பி, வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி அப்பாவிடம் காசு வாங்கிய முகவர் இப்போது போன் எடுப்பதே இல்லை, பொலிஸ் முறைப்பாட்டில் 'பேய்க்காட்டினான்' என்று எழுதலாமா என்று மல்லாவியிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

ஏமாற்றினான் என்ற பொருளில் அந்தச் சொல் வன்னியில் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் அழுகிற பிள்ளைக்குப் போக்குக் காட்டுவதும் பேய்க்காட்டுதல்தான், காணியை ஏமாற்றி எழுதி வாங்குவதும் அதுதான்; எதைச் சொல்கிறீர்கள் என்று அதில் தெளிவாகாது. 'புளுகன்', 'கள்ளன்' எல்லாம் திட்டு; விட்டுவிடுங்கள். உங்கள் கோபம் நியாயம்தான், கடிதத்தில் அது உதவாது.

'மோசடி' என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், என்ன பொய்யை எப்போது சொன்னார் என்பது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் வஞ்சித்தலுக்கு, அந்தப் பொய்யை நம்பித்தான் காசு கைமாறியது என்று தெரிய வேண்டும். வாக்குத் தவறினார் என்று மட்டும் எழுதினால், 'முயற்சி செய்தேன், சரிவரவில்லை' என்று தப்பப் பார்ப்பார். அனுமதிப்பத்திரம் இருப்பதாக அவர் சொல்லியிருந்தால் இப்படி எழுதலாம்: "தன்னிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருப்பதாகச் சொன்னார். அதை நம்பியே அப்பா பணம் கொடுத்தார். அது பொய் என்று பின்னர் அறிந்தோம்." திகதி, தொகை, பக்கத்தில் நின்றவர் யார், எல்லாம் வரட்டும்.

அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்திலேயே கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி அது இல்லாமல் இந்தத் தொழில் செய்வதே குற்றம். அங்கும் முறைப்பாடு கொடுக்கலாம்.

அப்புறம், வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 'ஏமாந்துவிட்டோம்' என்று இருந்தால் 'ஏமாற்றினார்' என்று திருத்தச் சொல்லுங்கள்.