கோட்டையும் சிறையும் அருகருகே ஏன்?

கேள்வி: பெயர்பெற்ற சிறைகள் பல பழைய கோட்டைகளிலோ படைத்தளங்களை ஒட்டியோ அமைந்திருப்பதற்குச் செலவு மிச்சம் என்பது மட்டுமா காரணம்?

பதில்: அதுவும் ஒரு காரணமே. மதிலும் அகழியும் காவலும் முன்பே இருக்கும் இடத்தில் கைதிகளை அடைப்பது எந்த அரசுக்கும் எளிது. பாரிஸைக் காக்க எழுந்த பஸ்தில் கோட்டை பின்னாளில் மன்னரின் சிறையாயிற்று. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் காவல் அரணாக இருந்த அல்கட்ராஸ் தீவு, முதலில் படைச்சிறையாகி, 1934 முதல் 1963 வரை கூட்டாட்சிச் சிறையாக விளங்கியது.

இதைவிட வலுவான காரணம், கைதிகளின் உழைப்பு படைக்குத் தேவைப்பட்டதே என்பது என் கருத்து. அமெரிக்கக் குடியேற்றங்களில் போர் மூண்டு, கைதிகளை அங்கே நாடு கடத்த வழியற்றுப் போனதும், பிரிட்டன் 1776 இல் பழைய கப்பல்களைத் தேம்ஸ் ஆற்றில் நிறுத்திச் சிறைகளாக்கியது. அவை நின்ற வூலிச், அரசின் படைக்கலச்சாலை அமைந்த இடம். கைதிகள் அங்கே ஆற்றைத் தூர்வாரினர், படைக்கலச்சாலைப் பணிகளிலும் ஈடுபடுத்தப்பட்டனர். போர்ட்ஸ்மத், பிளிமத் ஆகிய கடற்படைத் துறைமுகங்களுக்கும் பரவிய இம்முறை 1857 வரை நீடித்தது. 1848 இல் போர்ட்லந்தில் சிறை அமைந்ததும், கடற்படைக்கான துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குக் கல் வெட்டத்தான்.

டார்ட்மூர் சிறையின் கதை வேறு. பிளிமத் துறைமுகக் கப்பல்களில் போர்க்கைதிகள் நிரம்பி வழிந்ததால், அவர்களைக் கடற்படைத் தளத்திலிருந்து அப்புறப்படுத்த, ஆளரவமற்ற மேட்டுநிலத்தில் கட்டப்பட்டு 1809 இல் திறக்கப்பட்ட சிறை அது. பிரெஞ்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் சென்றபின் வெறுமையாய்க் கிடந்த கட்டடத்தில் 1850 இல் சொந்த நாட்டுக் குற்றவாளிகளை அடைத்தனர். எதிரிப் படையினரை விலக்கி வைக்கத் தேர்ந்த தொலைவு, என்றேனும் வீடு திரும்ப வேண்டிய மனிதருக்கும் அவரைக் காண வரும் தாய்க்கும் மனைவிக்கும் தண்டனையாகவே அமைந்தது.

கேள்வி: குவாண்டனமோவையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் அங்கே இடத்தைத் தீர்மானித்தது சட்டம். 1903 இல் கியூபாவிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற அந்தக் கடற்படைத் தளத்தில் 2002 ஜனவரியில் கைதிகளை அடைத்த அமெரிக்க அரசு, அது அமெரிக்க மண் அன்று என்பதால் தன் நாட்டு நீதிமன்றங்களின் அதிகாரம் அங்கே செல்லாது என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2004 இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, 2008 இல் ஆள்கொணர்வு மனு அக்கைதிகளுக்கும் அரசியலமைப்பு வழங்கும் உரிமையே என்று தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்கறிஞரோ செய்தியாளரோ படையின் அனுமதியின்றி அங்கே கால்வைக்க முடியாது என்ற நிலையை அத்தீர்ப்பு மாற்றவில்லை.